ட்ரைக் மக்கர் செய்கிறதா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

காலையில் என் ட்ரைக்கை, சாய்ந்து படுத்தபடி மிதிக்கிற மூன்று சக்கர சைக்கிளை, வெளியே எடுத்தேன். சாய்ந்து உட்கார்ந்து முதல் மிதி மிதித்ததுமே 'கடக்' என்று ஒரு சத்தம்; செயின் இறுகிக்கொண்டது. எழுந்தேன். (படுத்தவாக்கில் ஓட்டுகிற வண்டியிலிருந்து எழுவதே தனி வேலை.) முந்தின நாள் சாயங்காலம் வரை சொன்னபடி கேட்ட வண்டி அது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டீரெய்லரின் திருகாணிகளை அரைமணி நேரம் இப்படியும் அப்படியும் திருகினேன். சரியாக இருந்ததும் கெட்டதுதான் மிச்சம். அப்போது ஆறு வயது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நேத்து நான் இதை ஓட்டினேன். ஓடவே மாட்டேங்குது."

நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியிலிருக்கும் கியரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை முறுக்கி விளையாடியிருக்கிறாள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. நான் உண்டாக்கிய கோளாறைச் சரிசெய்யத்தான் அன்று மாலை முழுக்கப் போயிற்று.

அதிலிருந்து கருவிப் பையைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக ஓட்டியபின் இதில் யார் உட்கார்ந்தார்கள்? வானிலையில் என்ன மாறியது? நான் எதையாவது மாற்றினேனா, ஷூ, பை, சீட்டின் சாய்வு, எதுவானாலும்? எனக்கு வந்த தொந்தரவுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள்ளேயே பிடிபட்டுவிட்டன. மிச்சமிருப்பவைதான் நிஜமான ரிப்பேர்.

கீழே உள்ளவை முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றுமாக இருக்கும் ட்ரைக்குக்கு எழுதியவை. தலைப்பிரட்டை போன்ற வடிவம் என்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயராலேயே, 'டாட்போல்' என்று, அழைக்கப்படுவது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று இருக்கும் டெல்டா வகைக்குச் செயின், உடம்பு பற்றியவை பொருந்தும். பிரேக், ஸ்டியரிங் பற்றியவை அப்படியே பொருந்தாது.

முதல் மிதியிலேயே செயின் 'கடக்' என்கிறது

நின்றிருக்கும்போது யாராவது கியரை நகர்த்தியிருந்தால், டீரெய்லர் ஒரு பல்சக்கரத்துக்கு நேராகவும் செயின் வேறொன்றின் மேலும் இருக்கும். அந்த நிலையில் முழுப் பலத்தோடு மிதித்தால் செயின் பல்லுக்கும் ஸ்போக்குக்கும் நடுவே விழக்கூட வாய்ப்புண்டு. அதனால் மிதிக்காதீர்கள். பின்சக்கரத்தை ஒரு சாண் தூக்கி, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றினால் செயின் தானே ஊர்ந்து தன் இடத்துக்கு வந்துவிடும்.

சாதாரண சைக்கிளில் இதை ஒரே ஆள் செய்யலாம். ட்ரைக்கில் பின்சக்கரம் ஒரு பக்கம், பெடல் ஒன்றரை மீட்டருக்கு அப்பால். ஒருவர் தூக்க, ஒருவர் சுற்ற வேண்டும். தனியாக இருந்தால் பின் சட்டத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையை அண்டைக் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால், வண்டி நகர்ந்தால் போதும் என்கிற அளவுக்குப் பூ மாதிரி மிதியுங்கள்.

இதே சத்தம் சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் வந்தால் பழி குழந்தை மேல் இல்லை, உங்கள் மேல்தான். டீரெய்லர் கியரை நின்றபின் மாற்ற முடியாது. நிற்பதற்கு முன்பே, உருண்டுகொண்டிருக்கும்போதே, இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். இரண்டு சக்கர சைக்கிளில் எழுந்து நின்று உடல் எடையைப் போட்டாவது கிளம்பிவிடலாம். இதில் அந்தச் சலுகை கிடையாது.

செயின் தொங்குகிறது, அல்லது வில்லாக விறைத்து நிற்கிறது

வீட்டில் இரண்டு பேர் ஒரே ட்ரைக்கை ஓட்டினால் இது வந்தே தீரும். பெடல்கள் பொருந்தியிருக்கும் முன்தண்டை, பூம் என்பார்கள், காலின் நீளத்துக்கேற்ப நீட்டிக் குறைப்பதுதான் இந்த வண்டியின் அளவு முறை. பூம் 1 செ.மீ. நீண்டால் மேலோட்டம் (செயினின் மேலே ஓடும் பகுதி), கீழோட்டம் (கீழே ஓடும் பகுதி) இரண்டிலும் சேர்த்துச் செயினுக்கு 2 செ.மீ. கூடுதலாகத் தேவைப்படும். என் கணவருக்குக் கால் நீளம். அவர் ஓட்டிவிட்டுப் பூமைக் குறைத்து வைப்பார். சில நாள் வைக்க மறப்பார்.

"ஏங்க, பூமை நீட்டினீங்களா?"

"இல்லையே... லேசா."

அந்த 'லேசா' மூன்று செ.மீ. இருக்கும்.

எது ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். தொங்குகிற செயின் ஓசை எழுப்பும், உரசும், அவ்வளவுதான். நீளம் போதாத செயின்தான் வம்பு. பூமை நீட்டிவிட்டு, முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்துக்குப் போனால், டீரெய்லர் முழுக்க இழுபட்டு முறிந்துபோகக்கூடும். எனவே செயின் நீளத்தை எப்போதும் நெட்டையானவரின் அளவுக்கு வைக்க வேண்டும். குள்ளமானவர் ஓட்டும்போது சிறியது-சிறியது சேர்க்கையைத் தவிர்த்துக்கொண்டால் சரியாகப் போகும்.

வித்தியாசம் அதிகமென்றால் ஒரு துண்டுச் செயினைத் தனியாக வைத்துக்கொண்டு, கையால் கழற்றக்கூடிய இணைப்புகளால் சேர்க்கலாம், எடுக்கலாம். ஒரு முழு இணைப்பு 25.4 மி.மீ.; அதாவது பூமில் 1.27 செ.மீ. வித்தியாசத்துக்கு ஒரு இணைப்பு. இரண்டு பேருடைய அளவையும் பூமின் மேல் இரண்டு நிற டேப்பால் குறித்துவிடுங்கள். நேர்கோடும் ஒன்று வரைந்துகொள்ளுங்கள். பூமைக் கொஞ்சம் சாய்வாக இறுக்கிவிட்டால் பெடல்கள் இரண்டும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும், ஒரு வாரத்தில் முழங்கால் சொல்லிவிடும்.

எங்கிருந்தோ சத்தம் வருகிறது

ட்ரைக்காரர்களின் தீராத தலைவலி இதுதான். காது தரையிலிருந்து மூன்றடிக்குள் இருப்பதால் எல்லாச் சத்தமும் கேட்கும். சட்டம் நீளமாக இருப்பதால் பூமின் நுனியில் பிறக்கும் சத்தம் சீட்டுக்கு அடியில் கேட்கும். இடத்தை நம்பாதீர்கள், தாளத்தை நம்புங்கள்.

மிதிக்கும்போது மட்டும், ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' என்றால்: பெடல், கிராங்க் போல்ட், பூமின் இறுக்கி, ஷூவின் கிளீட் (அடியில் இருந்து பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டு) என்ற வரிசையில் பாருங்கள். ஷூவை மாற்றி ஓட்டினால் சத்தம் நின்றுவிட்டது என்றால் அன்றைய வேலை முடிந்தது. பூமின் இறுக்கியைக் கழற்றி, உள்ளே சேர்ந்த மண்ணைத் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி மறுபடி பூட்டினால் பல 'டிக்'குகள் அதோடு போய்விடும்.

மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் சக்கரத்தில் இருக்கிறது. முன்சக்கரங்கள் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், கண்ணெதிரே சுழல்கின்றன. இந்த வசதி வேறெந்தச் சைக்கிளிலும் கிடையாது. டயரில் குத்திய கல், தளர்ந்த ஸ்போக், மட்கார்டில் சிக்கிய சுள்ளி, எல்லாவற்றையும் நின்ற இடத்தில் பார்த்துவிடலாம். ஒருமுறை எனக்கு வந்த 'டப் டப் டப்'புக்குக் காரணம், மகள் ஸ்போக்கில் செருகியிருந்த விளையாட்டுச் சீட்டு. வேண்டுமென்றே செய்தது, மோட்டார் சைக்கிள் மாதிரி சத்தம் வரட்டுமாம்.

மிதிக்கும்போது தொடர்ச்சியாக 'கர்ர்ர்' என்று கனமான சத்தம் வந்தால் ஐட்லர் உருளை. இந்த நீளச் செயினை வழிநடத்துவதற்காகச் சீட்டுக்கு அடியில் இருக்கும் சிறு சக்கரம் அது. மிதியின் முழுப் பலத்தைத் தாங்கும் மேலோட்டத்து ஐட்லர்தான் முதலில் தேயும். செயினைத் தள்ளி வைத்துவிட்டு விரலால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு தெரிந்தால் பேரிங் போயிற்று. கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் பட்டிருக்கிறேன்.

மேடுபள்ளத்தில் மட்டும் என்றால் செயின் ஓடும் குழாய், கொடிக்கம்பு, சீட்டின் பட்டைகள், பையின் கொக்கி. இதற்கெல்லாம் பெரிய வைத்தியம் வேண்டாம். பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி நடுவே சொருகினால் அடங்கிவிடும்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. முன்டயர் சீக்கிரம் தேய்கிறது

இரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் அலைன்மென்ட்டில் கை வைப்பதற்கு முன் எளிதானவற்றைக் கழித்துவிடுங்கள். இரண்டு முன்டயரிலும் காற்று சமமா? ஒவ்வொரு முன்சக்கரமாகத் தூக்கிச் சுழற்றினால் பிரேக் உரசாமல் சுற்றுகிறதா? சாலையே ஒரு பக்கம் சரிவா? அதே சாலையில் எதிர்த்திசையில் ஓட்டினால் மறுபக்கம் இழுக்கிறது என்றால் வண்டி குற்றமற்றது.

அப்புறம் டயர். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தேயுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பம் மாதிரி நறநறப்பு என்றால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. ஒவ்வொரு மீட்டரும் டயர் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது. இது மோசமாக இருந்தால் நல்ல டயர்கூடச் சில நூறு கிலோமீட்டரில் முடிந்துவிடும். வண்டி கனமாக ஓடுவதும் இதனால்தான். ஓட்டுபவரோ வயதின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பார்.

அளக்கும் முறை சுலபம், ஆனால் ஆள் வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, ஆக்சிலின் உயரத்தில், இரண்டு ரிம்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்புறம் ஒருமுறை, பின்புறம் ஒருமுறை அளக்க வேண்டும். முன்புற அளவு 0 முதல் 2 மி.மீ. வரை குறைவாக இருந்தால் போதும். உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி. பலர் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு: வெறும் வண்டியை அளக்கக் கூடாது. ஆள் உட்கார்ந்தால், முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் குறுக்குச் சட்டம் சற்று வளையும், சக்கரம் சாயும், அளவு மாறும். எங்கள் வீட்டில் நான் சீட்டில் சாய்ந்திருப்பேன், கணவர் மண்டியிட்டு டேப்பைப் பிடிப்பார், மகள் நோட்டில் எழுதுவாள். முதல் தடவை 4 மி.மீ. வித்தியாசம் வந்தது. ரிம்மில் ஒரு சிறு நெளிவு இருந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும் என்பதால் சக்கரங்களை அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி அளந்தோம். அதே 4. பிறகுதான் முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டான டை ராடின் லாக் நட்டுகளைத் தளர்த்தினோம். ஒரு நேரத்தில் அரைச் சுற்று, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டல், மறுபடி அளத்தல். மூன்றாவது அளவையில் 1 மி.மீ. வந்ததும் மகள் நோட்டில் நட்சத்திரம் போட்டாள்.

இழுப்பு இல்லை, வேகம் கூடினால் கைப்பிடி நடுங்குகிறது என்றால் அது வேறு. டை ராடின் மூட்டுகளிலும் சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங்கிலும் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள்: பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் மேல்பகுதியை அசைத்தால் தெரிந்துவிடும். ஆட்டம் இருந்தால் சரிசெய்யும்வரை இறக்கத்தில் வேகம் வேண்டாம்.

பிரேக் பிடித்தால் வண்டி திரும்புகிறது. மழைக்குப் பின் அலறுகிறது

பெரும்பாலான ட்ரைக்கில் இடக்கைப் பிடி ஒரு முன்சக்கரத்துக்கு, வலக்கைப் பிடி மற்றொன்றுக்கு. ஒன்றை மட்டும் பிடித்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுப்பது இயல்பு. இரண்டையும் ஒரே அளவு பிடித்தும் இழுத்தால் ஒரு கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு பக்கத்துப் பேடு மட்டும் தேய்ந்திருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத சமதரையில், நடக்கும் வேகத்தில், ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துச் சமப்படுத்துங்கள்.

ஒருநாள் மழையில் நின்ற டிஸ்க் மறுநாள் முதல் சில பிடிப்புகளுக்கு அலறும். மேலே படிந்த மெல்லிய துரு உதிர்ந்ததும் அடங்கிவிடும். அடங்கவில்லை, பிடிப்பும் குறைவு என்றால் எண்ணெய் பட்டிருக்கிறது. எப்படிப் பட்டது? வீட்டில் யாராவது கதவுக் கீலுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்தார்களா என்று கேளுங்கள். ட்ரைக் அந்தக் கதவுக்கு அருகில்தான் நின்றிருக்கும். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முயல்வதைவிட மாற்றிவிடுவதே மேல். டிரம் பிரேக் உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. மழை அவர்கள் பிரேக்கைப் பெரிதாகத் தொடுவதில்லை.

நிறுத்தும்போது பார்க்கிங் பிரேக் போடும் பழக்கம் கட்டாயம். சைக்கிள் என்றால் விழுந்து கிடக்கும். ட்ரைக் விழாது, சரிவு இருந்தால் உருண்டு போய்விடும், உள்ளே குழந்தை உட்கார்ந்திருந்தால் குழந்தையோடு. பூட்டும் பிடி இல்லாத வண்டியில் ஒரு வெல்க்ரோ பட்டையால் பிரேக் பிடியை இறுக்கிச் சுற்றிவிட்டால் போதும். கிளம்பும்போது அதை அவிழ்க்க மறந்து, 'இன்றைக்கு என்ன இவ்வளவு கனம்' என்று அரைக் கிலோமீட்டர் மிதித்தவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

மழையில் ஏற்றம் ஏறும்போது பின்சக்கரம் சும்மா சுழல்கிறது

உங்கள் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முன்சக்கரங்கள் மேல்தான் இருக்கிறது. இழுப்பதோ பின்சக்கரம். ஈரமும் சரிவும் சேர்ந்தால் அது வழுக்கத்தான் செய்யும். இன்னும் இலகுவான கியருக்கு வந்து, அழுத்தாமல் வட்டமாக, ஒரே சீராக மிதியுங்கள். இரண்டு சக்கரத்தில் அவ்வளவு மெதுவாகப் போனால் விழுந்துவிடுவோம்; இங்கே நடைவேகத்துக்கும் கீழே இறங்கலாம். தோளைச் சீட்டில் நன்றாகப் பதியுங்கள். முன்னால் இருக்கும் சாமானைப் பின் கேரியருக்கு மாற்றுங்கள். பின்டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பதும் உதவும், ரிம் இடிக்காத அளவுக்கு.

மழையின் மற்ற தொந்தரவுகள்: முன்சக்கரத் தண்ணீர் முழங்கையிலும், திரும்பும்போது முகத்திலும் அடிக்கிறதென்றால் முன் மட்கார்டு வேண்டும், வேறு வழியில்லை. சாய்ந்திருப்பதால் மழை நேராக மூக்குக் கண்ணாடியின் மேல் விழும். ஹெல்மெட்டுக்குள் விளிம்பு வைத்த தொப்பி அணிந்தால் பாதி குறையும். சாதாரண மழைக்கோட்டில் தண்ணீர் மடியில் குளம் கட்டும், முன்புற ஜிப் வழியாக உள்ளே இறங்கும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், முதுகுப் பக்கம் ஜிப்பைத் திறந்து விட்டுக்கொண்டு. பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தது, ஆனால் நனையவில்லை.

வீடு திரும்பியதும் செயினைத் துணியால் துடையுங்கள், குழாய்களின் இரு வாயிலும் சேர்ந்த மண்ணைக் கழுவிவிடுங்கள். காய்ந்தபின்தான் எண்ணெய். செயின் சாதாரண சைக்கிளைவிட இரண்டரை, மூன்று மடங்கு நீளம். துடைக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் பல்சக்கரத்தில் ஏறும் முறை அதே அளவு குறைவு என்பதால் மெதுவாகத் தேய்கிறது. 12 முழு இணைப்புகளை ஸ்கேல் வைத்து அளந்தால் புதிதில் 304.8 மி.மீ.; அது 306.3 ஆனதும் மாற்றிவிடுங்கள்.

ஓடும்போது கால் பெடலிலிருந்து நழுவுகிறது

மற்றதையெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம். இது இருந்தால் இன்று ஓட்டாதீர்கள்.

சாதாரண சைக்கிளில் கால் நழுவினால் தரையில் உரசும், அவ்வளவுதான். ட்ரைக்கில் பாதம் உங்களுக்கு முன்னால் இருக்கிறது. நழுவித் தரையைத் தொட்டதும் பாதம் நின்றுவிடும், வண்டி நிற்காது. முன்னேறி, குறுக்குச் சட்டம் காலின் மேலேயே ஏறிவரும். கணுக்காலும் முழங்காலும் முறியும் அளவுக்கு இது கொடுமையானது. வேகம் குறைவு என்பது பாதுகாப்பில்லை.

பெடலோடு பாதத்தைப் பிணைப்பதுதான் தீர்வு. கிளீட் வைத்த ஷூ பிடிக்காதவர்களுக்குக் குதிகாலைத் தாங்கும் பட்டை வைத்த பெடல் இருக்கிறது. சாதாரண ஷூவோடு ஓட்டலாம். செருப்போடு, வெறுங்காலோடு, 'இதோ இந்த மூலை வரைக்கும்தான்' என்று யாரையும் ஓட்டவிடாதீர்கள். விருந்தாளிகள் ஆசையாகக் கேட்பார்கள். முகத்தை முறித்துக்கொண்டாவது பட்டையை மாட்டிவிடுங்கள். ஓடும்போது காலைக் கீழே வைக்கக் கூடாது, நிறுத்துவதற்குப் பிரேக் மட்டும்தான் என்பதை ஏறுவதற்கு முன்பே இரண்டு முறை சொல்லுங்கள்.

முழங்கால் வலி, கால்விரல் மரமரப்பு

முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் பூம் மிகக் குறுகியிருக்கிறது, அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் பூம் நீண்டுவிட்டது. குதிகாலைப் பெடலில் வைத்து மிகத் தொலைவுக்குத் தள்ளினால் கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டியில் சிறு மடிப்பு தங்கும். இதை நீங்கள் ஓட்டும் ஷூவோடு பாருங்கள். குளிர்காலத்துத் தடித்த அடிப்பாகம் ஒரு செ.மீ. வரை மாற்றிவிடும், 'சீசன் மாறினால் முட்டி வலிக்கிறது' என்பவர்களின் ரகசியம் சில நேரம் அதுதான்.

கனமான கியர் பற்றி ஒரு வார்த்தை. முதுகுக்குப் பின்னால் சீட் இருப்பதால், சுவரில் சாய்ந்து உதைப்பது போல எவ்வளவு பலம் வேண்டுமானாலும் கொடுக்க முடியும். கொடுக்கலாம் என்பதற்காகக் கொடுத்தால் முட்டிதான் கணக்குத் தீர்க்கும். நிமிடத்துக்கு 80 சுற்றுக்குப் பக்கத்தில் காலைச் சுழலவிடுங்கள்.

விரல் மரத்துப்போவது பாதம் உயரத்தில் இருப்பதால். கிளீட்டைக் குதிகால் பக்கமாக நகர்த்துங்கள், லேஸைத் தளர்த்துங்கள். வெயிலில் பாதம் வீங்கும், காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மதியத்தில் இறுக்கும். குளிரில் மரத்தால் காரணம் வேறு: காற்றை முதலில் சந்திப்பதே கால் விரல்கள்தான். ஷூவுக்கு உறை போடுங்கள். கிளீட்டை நகர்த்திப் பயனில்லை. இரண்டு வாரம் பூமையும் ஷூவையும் சரிசெய்தும் வலி நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

வெயில், குளிர், காற்று

வானத்தைப் பார்த்தபடி போவதால் மூக்கின் அடிப்புறம், தாடைக்குக் கீழே, முழங்காலின் கீழ்ப்பகுதி என்று எதிர்பாராத இடமெல்லாம் வெந்துபோகும். கிரீமைக் கண்ணாடியைப் பார்த்துப் பூசாமல், சீட்டில் சாய்ந்து, வெயில் விழும் இடத்தைப் பார்த்துப் பூசுங்கள்.

ஒரே இரவில் மூன்று டயரும் இளகிவிட்டதென்றால் பஞ்சர் அல்ல, குளிர். 20 டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடித்த டயர் 0 டிகிரியில் ஏறக்குறைய 55 காட்டும். ஒன்று மட்டும் இளகியிருந்தால் பஞ்சர்தான். முன்சக்கரம் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்டிருப்பதால் கழற்றாமலேயே ட்யூபை மாற்றிவிடலாம். பின்சக்கரத்துக்குத்தான் வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும்.

எதிர்காற்று இங்கே பெரிய எதிரி இல்லை. படுத்தவாக்கில் ஓட்டுவது காற்றை எவ்வளவு ஏமாற்றும் என்றால், 1933-இல் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர், ஷார்ல் மொஷே கட்டிய அப்படிப்பட்ட சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டி உலகச் சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வடிவத்தைப் போட்டிகளிலிருந்து ஒதுக்கியது. பக்கக் காற்றில் அலைவது கொடிக்கம்புதான். அலைகிறதே என்று கழற்றிவிடாதீர்கள், அடியில் டேப் சுற்றி இறுக்குங்கள். உயரமான வண்டியில் இருப்பவருக்கு உங்களில் முதலில் தெரிவது அந்தக் கொடிதான்.

குழந்தையோடு போனால் பதற்றமாக இருக்கிறது

பக்கத்தில் சின்ன சைக்கிளில் வரும் குழந்தையின் கைப்பிடி உங்கள் முக உயரத்தில் இருக்கும். அது கொஞ்சம் தடுமாறினாலும் முதலில் தொடுவது உங்கள் முன்சக்கரத்தை. பக்கத்தில் வேண்டாம், முன்னால் விடுங்கள். திரும்பிப் பார்க்கும்படி சீட் விடாது என்பதால் பின்னால் விட்டால் கண்ணாடியில் மட்டும்தான் தெரியும்.

இழுவண்டியில் குழந்தை இருந்தால், வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள். எடை குறைந்த உங்கள் பின்சக்கரத்தை அது பக்கவாட்டில் தள்ளும். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் திரும்புங்கள். குழந்தையின் சால்வை, பைப் பட்டை எதுவும் சக்கரத்தின் பக்கம் தொங்கக் கூடாது. இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவில்தான் நம் கையே இருக்கிறது.

இரண்டு வாரமாக வண்டி வெளியே போகவில்லை

இதுவும் ஒரு கோளாறுதான், பலருக்கு இதுதான் பெரிய கோளாறு. காரணம் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ட்ரைக்கின் மேல் காயப்போட்ட துணிகளை எடுக்க, இழுவண்டியை நகர்த்த, அகலம் 80 செ.மீ. உள்ளதை அதைவிடக் கொஞ்சமே பெரிய வாசலில் கோணாமல் வெளியேற்ற, மகளின் சைக்கிளை மறுபடி உள்ளே வைக்க, காற்றுப் பம்பைத் தேட என்று 14 நிமிடம். ஓட்டக் கிடைத்த நேரமோ 40 நிமிடம்.

வண்டியைப் பின் கேரியரின் மேல் செங்குத்தாக நிறுத்தினேன். சுவரில் ஒரு பட்டையால் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் குழந்தை மேல் சாயும். தரையில் பிடித்த இடம் கால்வாசியானது. பம்பையும் ஹெல்மெட்டையும் அதே சுவரில் ஆணியடித்து மாட்டினேன். துணி காயப்போட வேறு கொடி கட்டினேன். இப்போது 3 நிமிடம் ஆகிறது. அதில் ஒரு நிமிடம், கியர் எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு.